நாற்பது ரூபாய் மீன்

கொளத்தூரில் என் கடை.
முப்பத்திரண்டு தொட்டிகள்.
நான் விற்றதிலேயே அழகில்லாதது அது ஒன்றுதான்:
கறுப்பு, சொரசொரப்பு, வாய் அடியில்.
டேங்க் க்ளீனர் என்போம்.
"பாசியத் தின்னும், தொட்டி சுத்தமா இருக்கும்."
விரல் நீளம், நாற்பது ரூபாய்.
பையில் காற்றடைத்து
ரப்பர் பேண்டை மூன்று சுற்று சுற்றித் தருவேன்.

முழ நீளம் வளரும் என்று
யாரும் கேட்டதில்லை.
கேட்காததைச் சொல்வது
கடைக்காரன் வழக்கமில்லை.

ஒரு வருடம் கழித்து வந்தார் டெலிலா மேடம்.
தொட்டி கொள்ளவில்லையாம்,
கொல்லவும் மனசில்லையாம்.
"ரெட்டேரியில விட்டுடுங்க,
பொழச்சுப் போகட்டும்" என்றேன்.
புண்ணியம் என்ற சொல்லைக்கூடப்
பயன்படுத்தியதாக ஞாபகம்.

பிழைத்தது.

சர்க்கரை இருநூற்று எண்பதைத் தொட்டபோது
டாக்டர் நடக்கச் சொன்னார்.
ஏரிக்கரையில் நடக்கப் போனவன்
நிற்கப் பழகினேன்.
ஹசீனா நிற்பார், அதனால்.
வங்கியில் வேலை; ஞாயிறு காலையில்
கழுத்தில் பைனாகுலர், கையில் நாற்பது பக்க நோட்டு.
"கொஞ்சம் நகருங்க, எண்ணிட்டிருக்கேன்"
என்பதுதான் எங்கள் அறிமுகம்.

அதற்குமுன் எனக்கு எல்லாமே கொக்கு.
இப்போது
வாடகை பாக்கி கேட்க வந்தவள்போல
வாலைச் சொடுக்கிச் சொடுக்கி
ஆகாயத் தாமரை மேல் நடக்கும் நீலத் தாழைக்கோழி.
பார்த்திருக்கும்போதே இல்லாமல்போகும் முக்குளிப்பான்:
எங்கே எழும் என்று தினமும் எனக்குள் பந்தயம்,
தினமும் தோல்வி.
பாம்புத்தாரா உடம்பை நீருக்குள் விட்டுவிட்டுக்
கழுத்தாக மட்டும் வரும்.
குத்திய மீனை மேலே எறிந்து
தலை முன்னால் விழும்படி பிடிக்கும்.
மெரினாவில் சுண்டலைத் தூக்கிப்போட்டு
வாயில் வாங்குகிறவனின் சாவகாசம்.

ஹசீனாவிடம் சுலபமான பதில் கிடையாது.
"சீமைக் கருவேலம் வெளியிலேர்ந்து வந்ததுதான்.
அதுலதான் வக்கா இருபது கூடு கட்டியிருக்கு.
வெட்டுன்னு எழுதவா, விடுன்னு எழுதவா?"
குளிர்காலத்து வாத்துகளும் வெளியூர்தானே என்றேன்.
நானுமே செஞ்சிப் பக்கம்.
"அது தானே பறந்து வருது, பங்குனியில தானே போயிடுது.
யாரும் பையில கட்டிக் கொண்டாந்து விடலை."
சாதாரணமாகத்தான் சொன்னார்.
என் கடை என்னவென்று அப்போது அவருக்குத் தெரியாது.

ஐப்பசி மழை விட்ட காலை.
இளசு பாம்புத்தாரா ஒன்று, இன்னும் கழுத்து வெளுப்பு,
கறுப்பாக எதையோ கவ்வி எறிந்தது.
சரியாகத்தான் பிடித்தது.
தலை முன்னால்தான் போயிற்று.
பிறகு கழுத்து நடுவில் ஒரு முடிச்சு.

மீன் உள்ளே முள்ளை விறைத்துவிட்டது.
விழுங்கவும் முடியாமல், கக்கவும் முடியாமல்
அந்தக் கழுத்து தண்ணீரை அடித்தது, அடித்தது.
ஹசீனா பைனாகுலரை இறக்கவில்லை.
நான் இறக்கிக்கொண்டேன்,
என்னிடம் பைனாகுலர் இல்லாவிட்டாலும்.

வலைக்காரர் ஏகாம்பரம்
தெர்மாகோல் மிதவையில் போய்
லுங்கியில் ஏந்தி வந்தார்.
பறவை ஈரத்துணி கனம்.
அலகைப் பிரித்து, முள்ளை ஒடித்து
இழுத்தார்.
மீன் அசைந்தது.

"வலையெல்லாம் கிழிக்குது, விக்கவும் ஆவாது.
இன்னா சார், உங்க கடை சரக்குதானே?"
என் உள்ளங்கையில் வைத்தார்.
ஹசீனா என்னைப் பார்க்கவில்லை.
நோட்டில் ஏழை அடித்து
ஆறு என்று எழுதினார்.

திரும்ப ஏரியில் விட முடியாது.
கொல்ல, டெலிலா மேடம் மாதிரியே,
எனக்கும் வரவில்லை.
இருபத்தொன்பதாம் தொட்டியில் இருக்கிறது,
விலை எழுதாமல்.
யார் வந்தாலும், கேட்காவிட்டாலும்,
முழ நீளம் வளரும் என்கிறேன்.
வியாபாரம் கொஞ்சம் படுத்துவிட்டது.

ஷட்டரை இறக்கும் நேரத்தில் பார்ப்பேன்.
கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு
பாசியைத் தின்றுகொண்டிருக்கும்.
தொட்டி
சுத்தமாகத்தான் இருக்கிறது.