யார் காட்டினாலும்

சொஹார் துறைமுகம், மூன்றாம் கிரேன்.
பதினோரு வருடமாகக் கை காட்டுவதே என் வேலை.
விரல் மேல்நோக்கிச் சுழன்றால் ஏற்று,
உள்ளங்கை தாழ்ந்தால் இறக்கு.
கூண்டுக்குள் இருக்கும் பேஷாவர்க்காரன் ஸர்வலி
என் முகத்தைப் பார்ப்பதில்லை,
கையுறையைத்தான் பார்ப்பான்.

ஏசி பதினெட்டில் ஓடும் அறையில்
என் தலையணை மட்டும் நனைந்தது.
வளைகுடாவில் வியர்வையை யார் கணக்கில் எடுப்பார்கள்?
கழுத்தில் நெல்லிக்காய் அளவில் கட்டி, வலியில்லை.
ஹெல்மெட் வார் உரசுவதாக நினைத்துக்கொண்டேன்.

மஸ்கட்டில் டாக்டர் ரய்யா
ரிப்போர்ட்டைத் திருப்பிப் பின்பக்கத்தில் வட்டம் போட்டார்.
உள்ளே ஆள் மாற்றி ஆள் சேதி கடத்தும் புரதங்கள்.
நடுவில் ஒருவனுக்கு அம்புக்குறி.
"இவன்தான்.
யாரும் கேட்காமலே
வளர், சாகாதே, வளர் என்று
காட்டிக்கொண்டே இருக்கிறான்."

வெறும் கொக்கிக்கு நாளெல்லாம்
ஏற்று ஏற்று என்று காட்டுகிறவனை
நாங்களாயிருந்தால்
முதல் மணி நேரத்திலேயே கேட்டுக்கு வெளியே அனுப்பியிருப்போம்.

மாத்திரை அவனைக் கொல்லாதாம்.
மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளும், விடாது.
உடம்பு மறுநாள் புது ஆளை இறக்கும்.
ஆகவே தினமும், ஷிப்ட் பஸ்ஸுக்கு முன்.
ஒரு டப்பிக்கு என் எட்டு மாதச் சம்பளம்.
இன்சூரன்ஸ் கடிதம் ஆறு வாரம் கழித்து வந்தது,
செபஸ்தியான் என்பதில் ஓர் எழுத்துப் பிழையோடு.

மூன்றாம் வாரம் கட்டி கரைந்தது.
இரத்தத்தில் எண்ணிக்கையோ இரண்டு மடங்கு.
"பயப்படாதீர்கள், முடிச்சுகளை விட்டு வெளியே வந்துவிட்டன.
இங்கேயே இரு என்ற சேதி நின்றுபோனதால்
ஒட்ட இடமின்றி அலைகின்றன. தாமாகவே ஓயும்."

விசா ரத்தானவர்கள் பெட்டியோடு
ரூவி பஸ் நிலையத்தில் திரிவதைப் பார்த்திருக்கிறேன்.
அன்றிரவு கேம்ப்பில்
அந்தச் செல்களுக்காக,
பைத்தியக்காரத்தனம்தான்,
கொஞ்சம் வருத்தப்பட்டேன்.

இப்போது எங்கே இடித்தாலும் நீலமாய்க் கன்றுகிறது.
புரதத்தில் ஓர் எழுத்து மாறினால் பிடி வழுக்குமாம்.
அதற்கும் வேறொரு மாத்திரை உண்டாம்.
அதற்கப்புறம் என்று கேட்டேன்.
டாக்டர் பேனாவை மூடினார்.

எங்கள் தொழிலில் ஒரு விதி:
ஏற்று என்று நான் மட்டுமே காட்டலாம்.
நிறுத்து என்று யார் காட்டினாலும்,
சுலைமானி கொண்டுவரும் பையன் காட்டினாலும்,
நின்றாக வேண்டும்.

நேற்றுக் காற்றில் கண்டெய்னர் ஆடியது.
இரு கைகளையும் விரித்தேன்.
ஸர்வலி நிறுத்தினான்.
எனக்கும் கடலுக்கும் நடுவே
இருபது டன்,
ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.
கையைத் தாழ்த்தாமல் நின்றேன்.