வாடை, பக்கம் 112

பதினான்கு கேள்விகள், நாற்பத்தொரு பெண்கள்,
கைப்பேசியில் அறுபது மணி நேரக் குரல்.
பின்னணியில் ஐஸ் உடைக்கும் சத்தம்,
ஏலக்காரர், காகம்,
நடுநடுவே என்னுடைய "ம்... சொல்லுங்கக்கா."

மார்ச்சுக்குள் கொடுக்க வேண்டும்.
தட்டெழுதி முடித்ததை
இரவு இரண்டு மணிக்கு
எந்திரத்திடம் கொடுத்து
ஆங்கிலத்தில் கேட்டேன்.
தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள்
நாற்பது பக்கம்.
எனக்கு வராத நடை, எனக்கு வராத நிதானம்.

சோனங்குப்பம் அஞ்சலாட்சி சொன்னது:
"வாடை வந்துட்டா வலை எறங்காது தங்கச்சி."
எந்திரம் எழுதியது:
நாற்றம் வரும் நாட்களில்
இவர்கள் கடலுக்குப் போவதில்லை.

கடலூருக்குத் தெற்கே ஆலைகள் இருக்கின்றன.
நாற்றமும் உண்டு;
பஸ்ஸில் நானே ஜன்னலைச் சாத்தியிருக்கிறேன்.
அதனால் அந்த வரியை
இரண்டாம் முறை படிக்கவில்லை.
இல்லை, பொய்.
இரண்டாம் முறையும் படித்தேன், மூன்றாம் முறையும்.
பிடித்திருந்தது.
நான்காம் இயல் முழுக்க
அந்த ஒரு வரிமேல் ஏறி நின்றது.

"ஆதாரம்?" என்று ஓரத்தில்
பென்சிலால் கேட்டிருந்தார் நெறியாளர்.
அதையும் எந்திரத்திடமே கேட்டேன்.
மூன்று கட்டுரை தந்தது,
ஆண்டோடு, பக்கத்தோடு.
இரண்டு கிடைத்தன.
மூன்றாவதைத் தேடிப்
புதுச்சேரி வரை நின்றுகொண்டே போனேன்.
நூலகர் தணிகாசலம்
தொகுதியை எடுத்துத் தூசி தட்டினார்.
பக்கம் 112 இருந்தது.
அதில் யாரோ ஒருவர்
நண்டு ஓட்டின் தடிமனை அளந்துகொண்டிருந்தார்.

"தப்பா குறிச்சிட்டு வந்தீங்களா?"
ஆமாம் என்றேன்.
வேறென்ன சொல்ல.

திரும்பும் வழியில், கன்னியக்கோயில் தாண்டி,
காதில் அஞ்சலாட்சியை ஓடவிட்டேன்.
வாடை என்கிற இடத்தில்
குரல் கொஞ்சம் தேய்கிறது.
முகத்தை வடக்கே திருப்பியிருக்கிறாள்,
கையும் நீட்டியிருப்பாள்.
நான் அப்போது
ஐந்தாம் கேள்வியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் துறையில் நெத்திலிக் கூடைக்கு முன்னால்
குந்தியபடி கேட்டேன்.
சிரித்தாள்.
"அது காத்து. ஐப்பசி பொறந்தா வடக்கேருந்து வருமே.
கடலு நிக்காது. யாரு போவா?"
அப்போ அந்த நாத்தம்?
"வாடை அடிச்சா அந்த வாடை வராது.
தெக்கத்திக் காத்துலதான் வரும்.
அதப் பத்தி நீ கேக்கவே இல்லியே."

பிறகு அவளே,
கூடையை இன்னொருத்திக்குத் தூக்கிவிட்டபடி:
"நான் சொன்னத யாருகிட்ட குடுத்த?"
சொன்னேன்.
"அது யாரு ஊட்டுல இருக்குது?"
தெரியவில்லை.
ஒப்புதல் தாளில் அவள் கையெழுத்துப் போட்டது
எனக்கு.
பெயரை எடுத்துவிட்டுக் கொடுத்தாயா என்று
அவள் கேட்கவில்லை.
நான் எடுக்கவில்லை.

மார்ச் போய்விட்டது.
அறுபது மணி நேரத்தையும்
மறுபடி காதால் கேட்கிறேன்.
என் ஆங்கிலத்தில் எழுவாயும் பயனிலையும்
முட்டிக்கொள்ளும் இடங்களை
இன்னமும் எந்திரம்தான் திருத்துகிறது;
என் வாக்கியங்களை மட்டும் கொடுக்கிறேன்,
இவர்களுடையதை இல்லை.

படிவத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம்:
செயற்கை நுண்ணறிவுக் கருவி பயன்படுத்தப்பட்டதா?
ஆம் எனில் ஒரு வரியில் விளக்குக.

ஆம் என்று தொடங்கி,
எந்த இயலில், எதற்காக, எதை நம்பி,
எங்கே காது கொடுக்காமல் விட்டேன் என்று
எழுத்தைப் பொடியாக்கிப் பொடியாக்கி
கட்டத்தைத் தாண்டி ஓரத்தில் ஏறி
தாளைத் திருப்பி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கேள்வித்தாளிலும் இடம் இல்லை.
பதினான்குக்குக் கீழே, பேனாவால்:
15. தெக்கத்திக் காத்து அடிக்கும்போது?