எட்டு

இருபது கொண்டை ஊசி இறங்கி
மாரமங்கலத்திலிருந்து வந்திருந்தாள் ராமாயி.
காப்பிக்கூடை இடுப்பில் நிற்கவில்லையாம்.
'ஐம்பத்திரண்டுல மாசமா?' என்றானாம் மேஸ்திரி.
மூச்சை அடக்கச் சொன்னேன்;
அதை நினைத்துச் சிரித்து, படத்தைக் கலைத்தாள்.
மறுபடி எடுத்தோம்.

குடலை முன்னே தள்ளி
இடது சிறுநீரகத்தை மேலேற்றிவிட்டு
முதுகெலும்போரம் குந்தியிருக்கிறது
தாள்போல் சுவருள்ள ஒரு கறுப்பு.
கணையத்தோடு ஒட்டில்லை. சினைப்பையோடும் இல்லை.
கர்சரை வைத்தேன்: எட்டு.
தண்ணீருக்குச் சற்று மேல்.

யார் வீட்டுத் தண்ணீர்?
குத்தி உறிஞ்சிப் பார்க்கலாம் என்றார் அன்வர்.
சிந்தினால் அள்ள முடியாது என்றேன்.
சேலத்தில் இருபத்தோரு வருடம்,
இப்படியொன்றுக்கு நான் பெயர் எழுதியதில்லை.

'கட்டியா?' என்றாள்.
'உள்ள தண்ணி. முழுசா எடுத்தாத்தான் தெரியும்.'
'ஊத்து மாதிரியா' என்று
முந்தானை முடிச்சில் சில்லறை எண்ணினாள்,
கடைசி பஸ்ஸுக்கு.

அறிக்கையில் கேள்விக்குறி போட்டேன்.
அழித்தேன்.
மறுபடி போட்டேன்.