இருநூற்றுப் பன்னிரண்டாவது வரி

என் வேலை பொத்தானை அழுத்துவது.
மேடையில் ஜப்பான்காரர் வாய் திறந்தால்
தலைக்கு மேல் கறுப்புப் பலகையில்
தமிழ் வர வேண்டும்.
ஒரு நொடி முந்தினால் சிரிப்பு கெடும்,
பிந்தினால் சாவு கெடும்
என்று சொல்லித்தான் கூண்டுக்குள் உட்கார வைத்தார்கள்.
பிரிக்பீல்ட்ஸ். சனிக்கிழமை. இரண்டாம் காட்சி.
குளிர்சாதனம் என் முழங்காலில் மட்டும் வேலை செய்கிறது.

கதை இதுதான்:
அப்பாவைக் கொன்றவனைத் தேடி
இருபத்தாறு வருஷம் நடக்கிறான் ஹெய்சுகே.
கண்டுபிடித்த அன்றைக்குப் பார்த்து
அவனுக்குச் சளிக் காய்ச்சல்.
நோயாளியை வெட்டுவது குலத்துக்கு இழுக்காம்.
வாளைச் சுவரில் சாத்திவிட்டுக்
கஞ்சி வைக்கிறான்.
உப்புப் போதுமா என்று வேறு கேட்கிறான்.
கிழவன் தும்முகிறான்.
"எந்த அப்பா?
கொஞ்சம் அடையாளம் சொல் தம்பி,
நான் நிறைய அப்பாக்களைப் பார்த்தவன்."

அரங்கம் இடிந்து சிரித்தது.
எல்லாச் சிரிப்புக்கும் மேலே ஒரு சிரிப்பு,
பழைய மோட்டார் கிளம்பாமல் இழுப்பது போல.
ஆறாவது வரிசை, ஓரத்து நாற்காலி.
தனசீலன்.

பதினோரு வருஷம்.
"சும்மா ஒரு கையெழுத்து மச்சான், ஜாமீனுக்கு" என்றவன்.
பதினெட்டாயிரத்து நானூறு வெள்ளி.
ஆலோங் பையன்கள் என் வீட்டுக் கேட்டில் ஊற்றிய சிவப்புச் சாயம்
மூன்று பூச்சுக்குப் பிறகும்
மழை மாதத்தில் ரோஸாகத் தலைகாட்டும்.
'என் வீடு' என்று மகள் பள்ளியில் வரைந்த படத்தில்
கேட் மட்டும் சிவப்பு.
டீச்சர் அழகு என்று நட்சத்திரம் ஒட்டியிருந்தார்.

இருநூற்றுப் பன்னிரண்டாவது வரி.
ஹெய்சுகே வாளை உருவி,
"உன் பெயரைச் சொல்" என்கிறான்.
என் விரல் அப்போது பொத்தானில் இல்லை.
விசைப்பலகையில் இருந்தது.
பலகையில் வந்தது:
தனசீலன், பதினெட்டாயிரத்து நானூறு வெள்ளி எங்கே?

ஒரு மூச்சு அமைதி.
பிறகு கூரை பறந்தது.
உள்ளூர் நையாண்டி என்று நினைத்துக் கை தட்டினார்கள்.
ஹெய்சுகே திகைத்துப் போனான்,
எந்த ஊரிலும் அந்த வசனத்துக்கு யாரும் சிரித்ததில்லை.
பாவம், லேசாகக் குனிந்து ஏற்றுக்கொண்டான்.
தனசீலன்?
தொடையில் அடித்துக்கொண்டு
பக்கத்து இருக்கைக்காரரை உலுக்கினான்:
"என் பேருங்க, என் பேரு!"

மிச்சத்தை ஒழுங்காகத்தான் ஓட்டினேன்.
கிழவனுக்கு உடம்பு தேறுகிறது.
கஞ்சியைப் பாராட்டுகிறான்.
வெட்டுப்பட முற்றத்துக்கு நடக்கையில்
படி தடுக்கி விழுந்து சாகிறான்.
ஹெய்சுகே பிணத்தின் தோளைப் பிடித்து எழுப்புகிறான்:
"எழுந்திரு. நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை."
அந்த வரி சரியான நொடியில் விழுந்தது.

கார் பார்க்கில் தடுப்புக் கட்டை எழவில்லை.
கட்டையின் முன் அவன் காடி,
பின்னால் நான்,
எனக்குப் பின்னால் ஒன்பது ஹாரன்.
இறங்கி வந்தான். வழுக்கை. ஒரு கால் இழுப்பு.
எனக்கும் நரை, கண்ணாடி, தொப்பை.
"அண்ணே, கார்டுல காசில்ல.
உங்க கார்ட கொஞ்சம் தட்டுறீங்களா?
நாளைக்கே தந்திடுறேன்."

பதினோரு வருஷம் குளியலறையில் ஒத்திகை பார்த்த வசனம்
ஒன்று இருந்தது என்னிடம்.
வாயைத் திறந்தேன்.
பலகையில் வெறும் கறுப்பு.

தட்டினேன். டிங். கட்டை எழுந்தது.
"நாடகம் எப்படிண்ணே?"
"கஞ்சி நல்லா இருந்துச்சு."
மோட்டார் இழுப்பது போலச் சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

பதினெட்டாயிரத்து நானூறு.
கூட ஆறு வெள்ளி,
சனிக்கிழமைக் கட்டணம்.