தனக்குத் தானே கொடுத்த சம்பளம்

பகாவ் டவுனில் டயர்க் கடைக்கு மேல்மாடி.
ஜூன் பிறந்துவிட்டால் என் மேசைக்கு
டுரியான் வாசமும் வரிப் பாரமும் சேர்ந்தே வரும்.
ஜன்னலைச் சாத்தினாலும்
மில்லின் புகை எப்படியோ உள்ளே.

சன்னாசி உட்காரவில்லை.
"மாசம் மூவாயிரம் வெள்ளி. பன்னெண்டு மாசம்.
வெயில்ல லோரி ஓட்டி வாங்கினது.
அதைச் செலவுல எழுதலன்னா
என்னம்மா கணக்கு?"

எழுதியிருந்தேன்.
பிறகு சட்டப்படி திரும்பக் கூட்டியிருந்தேன்,
பென்சிலால், மெதுவாக,
யாரோ தூங்குகிற அறையில் நடப்பதுபோல.

எப்படிச் சொல்வது.
கிளீனர் பையன் தர்வினுக்குக் கொடுத்தது சம்பளம்.
டீசல் செலவு. பெர்மிட் செலவு.
உங்களுக்கு நீங்களே கொடுத்தது மட்டும்
இலாபத்தில் ஒரு துண்டு,
பந்திக்கு முன்னாலேயே கடித்த துண்டு.
முதலாளி தன்னையே கூலிக்கு வைத்துக்கொள்ள முடியாதாம்.

"நான் எங்க முதலாளி" என்றார்
உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு.

எதிரே ஸ்டெல்லா பாக்கியம்.
வங்கிக் கிளையை மூடியபோது கிடைத்ததும் சேமநிதியுமாக
இரண்டு லட்சத்தை லோரியில் போட்டவர்.
நூற்றுக்கு ஐந்து வட்டி, வருஷம் பத்தாயிரம்.
முப்பது வருஷம் ஊரார் வட்டியை எண்ணிய விரல்கள்
இப்போது கைப்பையின் ஜிப்பை
இழுப்பதும் மூடுவதுமாய்.
"என் வட்டியும் வட்டி இல்லையா?"
இல்லை என்றேன். அதுவும் பங்குதான்.

கம்பெனிக்கு வரி கிடையாது.
அது பாரத்தை மட்டும் நிரப்பிக் கொடுத்துவிட்டு
ஒதுங்கிக்கொள்ளும்,
தாலி ஏறியதும் செருப்பைத் தேடும் தரகர் மாதிரி.
வரி அவரவர் வீட்டுக்கு
அவரவர் பெயரில் போகும்.

பனங்காயையும் பங்காளியையும்
பதம் பார்த்து வெட்டு என்பார்கள்.
இங்கே செம்பனை. குலையின் பதத்தை
மில் வாசலில் கிரேடிங் ஆள் பார்த்துக்கொள்கிறான்.
பங்காளிகளை நான்தான் வெட்ட வேண்டும்.

வெட்டினேன்.
வந்தது நாற்பதாயிரம்.
சன்னாசி எடுத்தது முப்பத்தாறு,
பாக்கியம் எடுத்தது பத்து.
கூட்டினால் நாற்பத்தாறு.
இடிக்கிற ஆறை ஆளுக்குப் பாதியாய்ச் சுமக்க வேண்டும்;
ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது.
ஆக அவருக்கு முப்பத்து மூன்று,
இவருக்கு ஏழு.

கொஞ்ச நேரம் பேச்சில்லை.
கீழே யாரோ சக்கர நட்டைக் கழற்றும் சத்தம்.

"வாங்கினதைவிடக் கொறைச்சலாதானே போட்டிருக்கு,
நல்லதுதானே?"
பாக்கியம் அவரை ஏறிட்டுப் பார்த்தார்.
"வராத ஆறாயிரத்தை
எங்கேருந்து எடுத்தோம் அண்ணே?"

அவர் படியிறங்கிப் போனார்.
ஜன்னல் வழியே தெரிந்தது:
லோரியின் பின் டயரில் கட்டைவிரலை வைத்து
பள்ளம் மிச்சமிருக்கிறதா என்று தடவுகிறார்.
ஒன்றைத் தடவி, அடுத்ததைத் தடவி,
நாலாவதில் கை அங்கேயே நின்றது.
போன தீபாவளிக்கே மாற்றியிருக்க வேண்டியது.

திரும்பி வந்து
காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார்.
பாக்கியம் தன் தாளைப் படித்து,
கண்ணாடியைத் துடைத்து, மறுபடி படித்து,
"அடுத்த வட்டியை டயருக்கே போட்டுடும்மா" என்றார்
அவர் பக்கம் திரும்பாமல்.

போட்டாலும் அது உங்க பேர்லதான் நிக்கும்,
வரியும் உங்களுக்குத்தான் என்றேன்.
சட்டம் அது. அந்த நேரத்தில்
சொல்லாமல் இருந்திருக்கலாம்.

இருவரும் போனபின் பார்த்தேன்:
முப்பத்து மூன்றாயிரத்துக்குப் பக்கத்தில்
கறுப்பாய் ஒரு கட்டைவிரல்,
ரேகை பாதி தேய்ந்தது.

வேறு தாள் அச்செடுக்கவில்லை.
துளையிட்டு அப்படியே ஃபைலில் கோத்தேன்.