பத்தாம் நம்பர்

கொட்டகைச் சுவரில் பதினான்கு வெள்ளை நிழல்கள்.
ஒவ்வொரு கருவியின் உருவத்தையும்
பெயிண்டால் வரைந்து வைத்தவன் நான்தான்.
இன்று ஆறே முக்காலுக்கு
பதின்மூன்று நிழல்கள் நிரம்பியிருந்தன.
பத்தாம் நம்பர் ஸ்பானர் தொங்கும் இடத்தில்
அதே வடிவத்தில் சுவர்.

வெளியே மன்னவனூர்ப் புல்வெளி,
அதில் வெட்டிய எங்கள் ஓடுபாதை.
ஆடுகளை விரட்டிவிட்டு
ஈரம் எவ்வளவென்று முழு நீளமும் நடந்து பார்த்து
புழுக்கை ஒட்டிய பூட்ஸோடு வந்தாள் ஜெபக்கனி.
"புல்லு நனைஞ்சிருக்கு, சக்கரம் இழுக்கும்.
ஆனா குளிர் இருக்குல்ல, எறக்கை தாங்கும்.
பத்துக்குள்ள போய் வந்துரணும்."

அவள் கணக்கு சரி.
ஆறாயிரம் அடியில் காற்று மெலிசு,
வெயில் ஏற ஏற இன்னும் மெலியும்.
சமவெளியில் இருநூற்றைம்பது மீட்டர் ஓடி எழுகிற வண்டி
இங்கே நானூற்றைம்பது கேட்கும்.
எங்களிடம் இருப்பது ஐந்நூற்றுப் பத்து.
அதற்குப் பிறகு வேலி. வேலிக்குப் பின் சோலை.

பூம்பாறைப் பக்கம் புகை.
எங்கே, எவ்வளவு அகலம், எந்தப் பக்கம் நகர்கிறது என்று
வயர்லெஸ்ஸில் வனக்காவலர் கேட்டபடியே இருந்தார்.

மற்றதெல்லாம் பார்த்தேன்.
டேங்கின் அடியிலிருந்து ஜாம் பாட்டிலில் பெட்ரோல் பிடித்தேன்:
அடியில் மூன்று முத்து தண்ணீர்.
கொட்டிவிட்டு மறுபடி பிடித்தேன், ஒரு முத்து.
மறுபடி. பெட்ரோல் மட்டும்.
புரொப்பெல்லர் விளிம்பில் நகத்தை ஓட்டினேன்,
எங்கும் தட்டவில்லை.
இறக்கை போல்ட்டுகளில் பூட்டுக்கம்பி முறுக்குக் குலையாமல் இருந்தது.
கையெழுத்துப் போட வேண்டிய கட்டம் மட்டும் காலி.

"ஒரு ஸ்பானர்தானே, மாசிலாமணி?"

ஒரு ஸ்பானர்தான்.
எங்கே இருக்கிறதென்று தெரியாதவரை
அது எல்லா இடத்திலும் இருக்கிறது.
எஞ்சின் மூடிக்குள் இருக்கிறது.
அவள் மிதிக்கும் ரட்டருக்கு அடியில் இருக்கிறது.
வாலுக்குப் போகும் கம்பியோடு
இருட்டில் படுத்துக்கொண்டிருக்கிறது,
அவள் ஒரு திருப்பம் திரும்பட்டும் என்று.

மூடியைக் கழற்றினோம். சீட்டைத் தூக்கினோம்.
வால் பலகையைத் திறந்து
டார்ச்சும் கண்ணாடியும் விட்டுப் பார்த்தோம்.
ஒரு குளவிக்கூடு இருந்தது, பழையது.
அவள் நல்ல பெண், திட்டவில்லை;
கடிகாரத்தை மட்டும் என் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

ஒன்பது நாற்பதுக்கு மேகம் இறங்கியது.
சோலை போனது, வேலி போனது,
ஆடுகள் சத்தம் மட்டும் ஆயின.
பதினொன்றுக்கு வயர்லெஸ்:
யாரோ காய்ந்த பூண்டுத் தாளை எரித்திருக்கிறார்,
தானே அணைந்துவிட்டது.

டீக்காக உட்கார்ந்தேன்.
ஜெர்க்கினின் ஓரம் முழங்காலில் டங்கென்று இடித்தது.
பையில் ஓட்டை. ஓட்டை வழியே உள்துணிக்குள்,
உள்துணி வழியே கீழ்த் தையல்வரை
நேற்று சாயங்காலமே இறங்கியிருக்கிறது.

அவள் முதுகு காட்டி நின்று மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
சீட்டுக்கு அடியில் கிடந்தது என்று சொல்லியிருக்கலாம்.
சொன்னால் நான்
ஒரு உயிரைக் காப்பாற்றியவன்.
இரண்டு மடக்கு டீ நேரம் அப்படி இருந்து பார்த்தேன்.

பிறகு பதிவேட்டை எடுத்து எழுதினேன்:
பறக்கவில்லை. கருவி எண்ணிக்கை குறைவு.
கிடைத்த இடம்: மெக்கானிக்கின் சட்டை.

அவள் வாசித்தாள். சிரிக்கவில்லை.
கீழே தேதி போட்டு, பெயர் எழுதி,
"நாளைக்கு ஆறரைக்கு" என்றாள்.

பையை அன்று ராத்திரியே
வாயோடு சேர்த்துத் தைத்துவிட்டேன்.
காலையில் விரல்கள் விறைக்கின்றன.
பழக்கத்தில் கை அங்கே போய்
தையலைத் தடவிவிட்டுத் திரும்பி வருகிறது
சுவரை எண்ண.