முழங்கால்களின் நேர மாறிலி

முதலில் கயிறு.
என் கட்டைவிரலைவிடத் தடித்த எஃகுப் புரி, எழுநூறு மீட்டர்.
காகிதத்தில் அதைச் சுருள்வில் என்று வரைந்தேன்,
பள்ளிப் பிள்ளையின் கோணல்மாணலோடு.
அதன் நுனியில் ஒரு பெட்டி: பன்னிரண்டு டன்.
உள்ளே யாரையும் வரையவில்லை.
நிறைக்கு முகம் எதற்கு?

பிறகு மோட்டார்.
ஒரு தடை, ஒரு தூண்டம்,
சுழலச் சுழல
ஊட்டுகிற மின்னழுத்தத்தையே எதிர்த்துப் பேசும் ஒரு வாய்.

மின்சாரப் பக்கமும் இயந்திரப் பக்கமும் சம்பந்திகள்.
இடையில் முறுக்குவிசைதான் தரகர்.
நிறை சட்டென்று கிளம்பாது, கிளம்பினால் சட்டென்று நிற்காது;
தூண்டத்துக்குள் ஓடும் மின்னோட்டத்துக்கும் அதே பிடிவாதம்.
வில் வாங்கியதைத் திருப்பித் தரும், மின்தேக்கியும் தரும்.
உராய்வும் தடையும்தான்
கைமாற்று வாங்கிய பங்காளிகள்:
கேட்கப் போனால் கொஞ்சம் சூடு காட்டுவார்கள், அவ்வளவே.

ரூடா ஷ்லோன்ஸ்காவில் பிப்ரவரி.
சுரங்க வாயிலில் புனித பார்பராவின் படத்துக்குக் கீழே
என் மடிக்கணினி, ஆறிய காபி.
வெறும் கூண்டு இறங்கியது.
நிறுத்தியதும் ஒன்றே முக்கால் நொடிக்கு ஓர் ஆட்டம்,
ஒன்பது ஆட்டத்தில் அடங்கியது.
மாதிரியும் ஒன்பது என்றது.
கல் ஏற்றி இறக்கினோம்: எடைக்குத் தக்கபடி மெதுவாக ஆடி
அதுவும் சொன்னபடி கேட்டது.
ஆட்களை ஏற்றினோம்.
ஆறிலேயே அடங்கிவிட்டது.

உணரியை மாற்றினேன். ஆறு.
கம்பியை, வடிகட்டியை, கடைசியில்
மாதிரி எழுதிய என்னையே சந்தேகித்து
முதல் வரியிலிருந்து மறுபடி எழுதினேன். ஆறு.
"மூன்று ஆட்டத்துக்காகவா தூக்கம் கெடுகிறாய், ஹல்ஷ்கா?
தோராயம் என்று போட்டு அனுப்பு" என்றார் ஸ்வாவோமிர்.
தோராயம் எனக்கும் பிடிக்கும்.
காரணம் தெரிந்த தோராயம்.

காலை ஆறு மணி ஷிப்டோடு நானும் இறங்கினேன்.
தொப்பியில் விளக்கு, இடுப்பில் யாருடைய முழங்கையோ.
இருபது பேர்.
காதை அடைத்தது.
அடிமட்டத்தில் பிரேக் விழ ஒரு நொடி இருக்கும்போது
பேச்சு நிற்கவில்லை, யாரும் யாரையும் பார்க்கவில்லை,
நாற்பது முழங்கால்கள் லேசாக மடங்கின.
நான் மட்டும் விறைப்பாக நின்று
நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"வேண்டுமென்றே செய்கிறீர்களா?"
"எதை?" என்றார் கின்டர் பிக்கா.

அன்றிரவு பெட்டிக்குள் இன்னொரு பெட்டி வரைந்தேன்:
ஒன்றே முக்கால் டன், அதற்கென ஒரு வில், ஒரு தணிப்பி.
வளைகோடு வந்து அளவின் மேல் படுத்துக்கொண்டது.
கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு அழித்தேன்.
கட்டுப்படுத்தியை வடிவமைக்கும்போது
முழங்கால்களை நம்பக் கூடாது.
ஒருவருக்கு மூட்டுவலி இருக்கலாம்,
ஒருவர் என்னைப் போலப் புதியவராக இருக்கலாம்.
யாரும் உதவவில்லை என்று வைத்துக் கணக்கிட்டேன்;
வேகம் குறைவதையும் மெல்ல மெல்லக் குறையச் சொன்னேன்.

மார்ச் மூன்றாம் வாரம் புதிய நிரல் ஏறியது.
வெறும் கூண்டு அசங்காமல் நின்றது.
கல்லும் அப்படியே.
ஆட்கள் ஏறினால் மட்டும்
ஒரு சின்ன ஆட்டம் இப்போதுதான் பிறந்தது.

சிரித்துவிட்டேன்.
வராத குலுக்கலுக்கு மடங்குகிறார்கள்,
மடங்குவதுதான் குலுக்குகிறது.

யாரிடமும் சொல்லவில்லை.
சொன்னால் நிறுத்த முயல்வார்கள்,
முயன்றால் இன்னும் ஆடும்.
நாள்தோறும் பதிவை மட்டும் பார்த்தேன்.
அந்த மேடு தேய்ந்தது, அடுக்குக்குறி வளைவில்,
மின்தேக்கி வடிவதுபோல.
நேர மாறிலி: பதினொரு வாரம்.
எந்தப் பாடநூலிலும் இல்லாத எண்,
அறிக்கையில் அதற்கு இடமும் இல்லை.

அக்டோபர் ஆகிவிட்டது.
செவ்வாயும் வெள்ளியும், காலை ஷிப்டில் மட்டும்,
இன்னும் ஒரு மில்லிமீட்டர் மிச்சம் இருக்கிறது.
ஒருவர்தான். எடை தொண்ணூறு கிலோ இருக்கும்.
ஆள்பட்டியல் என் மேசையிலேயே கிடக்கிறது.
வடிகட்டியை இறுக்கினால் கோடு நேராகிவிடும்.

இறுக்கவில்லை.